‘சாம்பிள் டெக்ஸ்ட்’ என்ற சின்னப் பெட்டி: தமிழ் எழுத்துக்கு முன்னோட்டம் பார்த்த வரலாறு

மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஒரு ஸ்டைலை மாற்றப் போனால் ஒரு பெட்டி திறக்கும். அதன் நடுவில் சின்னதாக ஒரு தாள். மேலே மங்கலாக ‘முந்தைய பத்தி, முந்தைய பத்தி’ என்று ஆங்கிலத்தில் ஓடும். கீழே அதே மங்கலில் ‘அடுத்த பத்தி’. நடுவில் மட்டும் கறுப்பாக ‘சாம்பிள் டெக்ஸ்ட் சாம்பிள் டெக்ஸ்ட்’ என்று நிற்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துரு, அளவு, தடிமன், சாய்வு, வரி இடைவெளி எல்லாம் அந்தக் கறுப்பு வரியில் தெரியும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது போதும். தமிழில் எழுதுகிறவருக்கு அந்தப் பெட்டி சொல்வது பாதி உண்மை, சில நேரம் முழுப் பொய். ஏன் அப்படி என்று தேடப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. என் பிழைப்பு மென்பொருள், பொழுதுபோக்கு கல்வெட்டு. இரண்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வது அபூர்வம், இங்கே முட்டிக்கொண்டது.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். ஒரே வாசகத்தைப் பல பாணியில் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது கம்ப்யூட்டர்காரன் கண்டுபிடிப்பு இல்லை. எங்கள் முசரவாக்கத்துக்குப் பக்கத்திலேயே காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் இருக்கிறது. ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அதன் திருச்சுற்றில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்னச் சன்னிதிகளில் அவனுடைய பட்டப்பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பட்டங்கள். ஹுல்ஷ் 1890இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இவற்றைப் படித்துப் போட்டிருக்கிறார். விசேஷம் என்னவென்றால், அதே பட்டங்கள் அடுக்கடுக்காகத் திரும்பத் திரும்ப வருகின்றன, எழுத்து மட்டும் மாறுகிறது. கிரந்தம் ஒரு பக்கம், வடபுல நாகரிச் சாயல் இன்னொரு பக்கம். சில இடங்களில் எழுத்தின் வால் கொடியாய்ச் சுருண்டு, படிப்பதற்கா பார்ப்பதற்கா என்று தெரியாத அளவுக்கு அலங்காரம். சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டன் குகையிலும் இதே கதைதான்: ஒரு சுவரில் கிரந்தத்தில் இருக்கும் சுலோகங்கள் எதிர்ச் சுவரில் நாகரியில். ராஜா எதற்காகச் செய்தான் என்பது தனி விவாதம். எனக்கு அந்தச் சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வேர்டின் ஸ்டைல் காலரி ஞாபகம்தான் வரும். தொழில் தோஷம்.

அச்சு வந்த பிறகு முன்னோட்டம் என்பது காசு சம்பந்தப்பட்ட விஷயம் ஆகிவிட்டது. கல்லில் தச்சன் ஒருவன், அவன் கை ஒன்று. அச்சிலோ வெட்டுபவன் ஒருவன், வார்ப்பவன் ஒருவன், கோப்பவன் ஒருவன். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். அதற்குள்ளேயே இரண்டு வார்ப்பு உண்டு: கோவாவில் 1577இல் வார்த்தது, கொல்லத்தில் 1578இல் வார்த்தது. தரங்கம்பாடி கதை இன்னும் சுவையானது. சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் அச்செழுத்து செய்தார்கள். அங்கே இருந்த வேலையாட்களுக்குத் தமிழ் தெரியாது. வந்து சேர்ந்த எழுத்து பெரிசு பெரிசாக இருந்தது. பைபிள் மாதிரி ஒரு நூலுக்கு அந்த அளவில் தாள் எங்கே போவது? கடைசியில் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள். புதிய ஏற்பாடு 1715இல் முடிந்தது. எழுத்தை உருவாக்கும் ஆளும் அதைப் படிக்கும் ஆளும் வேறு வேறு கண்டத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது முதல் பாடம். ரெட்மண்டில் உட்கார்ந்து வடிவமைத்த பெட்டியில் தமிழ் எப்படித் தெரியும் என்பது அதே பாடத்தின் அடுத்த அத்தியாயம்.

எங்கள் பக்கத்துத் தறிக்காரர்களுக்கும் முன்னோட்டம் தெரியும். புட்டாவோ கரையோ, முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். அதைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டை குத்துவார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பாவின் நெருக்கமும் ஊடையின் நெருக்கமும் ஒன்றாக இருக்காது. சதுரக் கட்டத்தில் வட்டமாக வரைந்த பூ, துணியில் நீண்டோ அமுங்கியோ போகும். அதனால் அந்த விகிதத்துக்குத் தக்க தாளில் வரைய வேண்டும். தாளில் பார்த்ததுதான் தறியில் வரும் என்று எந்த டிசைன்காரரும் சும்மா சத்தியம் செய்ய மாட்டார்.

கம்ப்யூட்டர் உலகம் அந்தச் சத்தியத்தைத்தான் செய்தது. 1978இல் வந்த வேர்டுஸ்டாரில் ஒரு சொல்லைத் தடிமனாக்க வேண்டுமானால் அதன் இரு பக்கமும் கட்டுப்பாட்டுக் குறி போட வேண்டும். திரையில் குறிதான் தெரியும், தடிமனைப் பிரிண்டரில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு முன்பே 1974இல் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் ‘பிராவோ’ செய்திருந்தார்கள். தாளில் வருவதே திரையிலும் தெரியும் என்பது அதன் கொள்கை. சிமோனி 1981இல் மைக்ரோசாஃப்ட் போனார், 1983இல் வேர்டு வந்தது. 1984இல் ஆப்பிள் மெக்கின்டாஷ் இன்னொரு படி மேலே போனது: மெனுவில் ‘போல்டு’ என்ற சொல்லே தடிமனாக, ‘இட்டாலிக்’ என்ற சொல்லே சாய்வாக. வேர்டு 2000இல் எழுத்துருப் பட்டியலில் ஒவ்வொரு பெயரும் அதனதன் உருவில் தெரிய ஆரம்பித்தது. 2007இல் பட்டியலில் மவுஸை நகர்த்தினாலே ஆவணம் அங்கேயே மாறிக் காட்டியது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் தமிழ் என்ன செய்துகொண்டிருந்தது? கனடாவில் சீனிவாசன் 1984 வாக்கில் ‘ஆதமி’ எழுதினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். ஒவ்வொருவரும் வெளிநாட்டில் தனியாக உட்கார்ந்து செய்த வேலை. ஆனால் எல்லோருக்கும் ஒரே நிர்ப்பந்தம்: கம்ப்யூட்டர் அறிந்தது 256 இடம், அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்கு. ஒன்று, ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழை உட்கார வைக்க வேண்டும். இல்லையென்றால் மேல் பாதியில் நெருக்கியடித்து உட்கார வைக்க வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் அரசு அறிவித்த டாம், டாப் இரண்டும் இந்த இரண்டு வழிதான். இணையக் குழுக்களில் பேசிப் பேசி உருவான திஸ்கி, டாப் மாதிரி ஆங்கிலத்தைத் தொடாமல் மேல் பாதியில் நின்றது. பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று டி.டி.பி. சென்டர்களில் ஓடியவை தனி.

இங்கேதான் முன்னோட்டப் பெட்டி வேடிக்கை காட்டும். விண்டோஸின் பொதுவான எழுத்துருத் தேர்வுப் பெட்டியில் மாதிரி வாசகம் எப்போதும் ஒன்றுதான்: ஆங்கில ஏ, பி, ஒய், இசட் நான்கும் பெரிதும் சிறிதுமாக எட்டு எழுத்து. திஸ்கி எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் அந்த எட்டும் அழகான ஆங்கிலமாகவே தெரியும், தமிழ் எப்படி இருக்கும் என்று ஒரு துளி தகவல் கிடைக்காது. பாமினியைத் தேர்ந்தெடுத்தாலோ ‘யுயடீடிலுலணுண’ என்று வரும்! தட்டச்சு மையத்தில் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்து இது ஏதோ இலங்கைத் தமிழ் என்று நம்பியவர்களை எனக்குத் தெரியும். பாமினியில் ‘தமிழ்’ என்று வர வேண்டுமானால் கோப்பில் உண்மையில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும் வரை அது தமிழ். எழுத்துரு போனால் அது எந்த மொழியும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுத்துரு என்பது சட்டை. டைம்ஸைக் கழற்றி ஏரியல் போட்டால் ஆள் அதே ஆள்தான். 1990களின் தமிழில் எழுத்துருதான் தோல். கழற்றினால் உயிர் போய்விடும். அதனால் நம்மவர்கள் முன்னோட்டப் பெட்டியை, அதை வடிவமைத்தவர்கள் கனவிலும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்தினார்கள். பெயர் தெரியாத எழுத்துருவில் ஒரு கோப்பு வரும். திறந்தால் குப்பை. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருப் பெட்டியைத் திறந்து (வேர்டு அந்தப் பெட்டியில் நாம் தேர்ந்தெடுத்த வரியையே மாதிரியாகக் காட்டும்), கீழ் அம்பை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போக வேண்டியது. எங்கே குப்பை தமிழாகிறதோ அங்கே நிறுத்த வேண்டியது. அழகு பார்க்க வைத்த பெட்டி எங்களுக்கு மொழியை அடையாளம் காணும் கருவி ஆனது.

பிறகு யூனிகோடு. 1991இல் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தபோதுதான் அது சாதாரண மேசைக்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரமாக ஏற்றது 2010இல். எழுத்து காப்பாற்றப்பட்டது. ஆனால் முன்னோட்டப் பெட்டிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. அது இன்றும் ‘சாம்பிள் டெக்ஸ்ட்’தான்.

இனி நடைமுறை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வயது எண்பதைத் தாண்டியவர், சுற்றுவட்டக் கோயில்களில் கண்ணில் பட்ட கல்வெட்டுகளைப் படித்து எழுதி வைத்திருந்தார். மைப்படி எடுக்க வசதியில்லை, மாவு தடவிக் கண்ணால் படித்தது. 2001 வாக்கில் ஒரு டி.டி.பி. சென்டரில் கொடுத்துத் தட்டச்சு செய்து சி.டி.யில் வைத்திருந்தார். கையெழுத்து நோட்டு கரையானுக்குப் போய்விட்டது. அவர் படித்ததில் ஒரு கல், பின்னால் நடந்த திருப்பணியில் புதுத் தளத்துக்கு அடியில் போய்விட்டது. ஆக அந்தக் கல்லுக்கு இன்று இருக்கும் ஒரே சாட்சி அந்த வேர்டு கோப்பு. “தம்பி, தொறந்தா எல்லாம் ஏபிசிடியா ஓடுது. எழுத்து உள்ள இருக்குதா, போயிடுச்சா?” என்று கேட்டார்.

“இருக்குது ஐயா, சட்டைதான் மாறியிருக்குது” என்றேன். எழுத்து உள்ளே பத்திரமாக இருந்தது. மேலே சொன்ன அம்பு தட்டும் வைத்தியத்தில் அரை மணியில் எழுத்துரு தெரிந்தது, பாமினி வகை. மாற்றித் தர ஏகப்பட்ட இலவச மாற்றிகள் இருக்கின்றன. ஒட்டினால் யூனிகோடு வந்துவிடும். ஒட்டுவதற்கு முன் அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் வேலையை இரண்டு வாரம் இழுத்தது: “சாஞ்சிருக்கிற எழுத்தெல்லாம் நான் ஊகிச்சது. நேரா இருக்கிறதுதான் கல்லுல இருக்கிறது.”

கல்வெட்டுத் தொகுதிகளில் ஐயமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுவது வழக்கம். இவர் தன் வழியில் சாய்வெழுத்தை வைத்துக்கொண்டார். டி.டி.பி. பெண்ணும் சொன்னபடி அடித்துக் கொடுத்திருந்தார். எண்ணிப் பார்த்தேன், 37 இடம். அதில் ஒன்று நிலத்தின் அளவைச் சொல்லும் இடம்: எத்தனை குழி என்ற எண்ணின் முதல் சொல் சாய்வில் இருந்தது. மாற்றியில் ஒட்டினால் வெறும் எழுத்துதான் வெளியே வரும், சாய்வு உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் இவருடைய ஊகம் கல்லின் வாக்காகிவிடும். நாளைக்கு யாராவது அந்த அளவை வைத்துக் கட்டுரை எழுதுவார்கள். சரிபார்க்கக் கல் இல்லை.

சரி, வேர்டுக்குள்ளேயே ஒரு மேக்ரோ எழுதி, எழுத்தை மட்டும் மாற்றி வடிவமைப்பைத் தொடாமல் விடலாம் என்று செய்தேன். மாற்றிய பிறகு பார்த்தால் சாய்வு ஓரிடத்திலும் இல்லை. ஸ்டைல் பெட்டியைத் திறந்தால் ‘சாம்பிள் டெக்ஸ்ட்’ ஒய்யாரமாகச் சாய்ந்து நிற்கிறது! தமிழ் மட்டும் நெட்டுக்குத்தாக. காரணம் இதுதான். வேர்டு தமிழைச் ‘சிக்கலான எழுத்துமுறை’ என்று தனி வகுப்பில் வைத்திருக்கிறது, அரபி, ஹீப்ரு, தேவநாகரியோடு. கோப்பின் உள்ளே ஒவ்வொரு சொல்துண்டுக்கும் இரண்டு தொகுதி குறிப்பு உண்டு: ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, ஓர் அளவு, ஒரு தடிமன், ஒரு சாய்வு, சிக்கலான எழுத்துக்கு அதே நான்கும் தனியாக. பழைய கோப்பு வேர்டின் கண்ணில் ஆங்கிலக் கோப்பு. அதனால் ஆங்கிலச் சாய்வுக் குறி மட்டும்தான் இருந்தது. எழுத்து யூனிகோடு தமிழானதும் வேர்டு இரண்டாவது தொகுதியைப் பார்க்கிறது, அங்கே சாய்வு இல்லை. மேக்ரோவிலும் இந்த இரண்டாவது தொகுதிக்குத் தனிப் பெயர்கள்: ‘இட்டாலிக்’ என்பதற்குப் பக்கத்தில் ‘இட்டாலிக்-பிஐ’. ‘பிஐ’ என்றால் இருதிசை, அரபிக்காக வைத்த பெயர். இடமிருந்து வலமாக ஒழுங்காக ஓடும் தமிழுக்கும் அதே சீட்டு.

அப்போதுதான் சொந்தமாக ஒரு பெட்டி செய்ய முடிவு செய்தேன். இடப் பக்கம் ஆவணத்தின் ஸ்டைல்கள், வலப் பக்கம் முன்னோட்டம், தமிழில். கேட்க எளிது. மேக்ரோ எழுதும் இடத்திலேயே முதல் சுவர்: அந்த எடிட்டருக்குத் தமிழ் தெரியாது, ‘தமிழ்’ என்று எழுதினால் ஐந்து கேள்விக்குறி. 2980, 2990, 3007, 2996, 3021 என்று எண்ணாக எழுதிக் கோக்க வேண்டும். ஜக்கார்டு அட்டை குத்துகிற வேலை கிட்டத்தட்ட இதுதான்.

இரண்டாவது சுவர் பெரிது. பெட்டியில் வைக்கும் ‘லேபிள்’ என்ற சாதாரணக் கட்டுப்பாட்டுக்கு ஓர் எழுத்துரு, ஓர் அளவு, ஒரு தடிமன், ஒரு சாய்வு, அவ்வளவுதான் தெரியும். இரண்டாவது தொகுதி என்ற எண்ணமே அதற்குக் கிடையாது. வரி இடைவெளி, உள்தள்ளல், பத்திக்கு முன் பின் இடம் எதுவும் கிடையாது. இன்னொரு வஞ்சனையும் உண்டு: தமிழே இல்லாத எழுத்துருவைக் கொடுத்தாலும் விண்டோஸ் சத்தமில்லாமல் வேறொரு தமிழ் எழுத்துருவை இரவல் வாங்கிக் காட்டிவிடும். பார்ப்பதற்குச் சரியாக இருக்கும், பார்த்தது அந்த எழுத்துருவை அல்ல. முன்னோட்டம் இல்லாத பெட்டியை விடப் பொய் முன்னோட்டம் காட்டும் பெட்டி மோசம் என்பது என் கட்சி. இல்லாவிட்டால் அச்சடித்துப் பார்க்கவாவது தோன்றும்.

கடைசியில் பிடித்த வழி: நாம் வரையக் கூடாது, வேர்டையே வரைய வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு தற்காலிக ஆவணம் திறந்து, மாதிரி வரியைப் போட்டு, ஸ்டைலைப் பூசி, அந்தப் பகுதியின் படத்தை வேர்டிடமே கேட்க வேண்டும். ஒரு பகுதி எப்படித் தெரிகிறதோ அதை மெட்டாஃபைல் படமாகத் தரும் வசதி வேர்டில் இருக்கிறது. அந்தப் படத்தைத் தற்காலிகக் கோப்பாக எழுதிப் பெட்டியில் உள்ள படச் சட்டத்தில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஒவ்வொரு சொடுக்குக்கும் கண் சிமிட்டும் நேரம் தாமதம் உண்டு. பரவாயில்லை, பொய் இல்லை. இரண்டாவது தொகுதியில் சாய்வு இல்லையென்றால் படத்திலும் இல்லை.

மாதிரி வரி எது என்பதில்தான் ருசி. லினக்ஸ் உலகத்தில் பாங்கோ என்ற எழுத்து நிரலகம் தமிழுக்கு வைத்திருக்கும் மாதிரி வாக்கியம், தான் கண்ணாடியைத் தின்பதாகவும் தனக்கு ஒரு கெடுதலும் வராது என்றும் ஒருவர் சொல்வது! உலக மொழிகளில் எல்லாம் அந்த ஒரே வாக்கியத்தைச் சேர்த்த விளையாட்டுத் தொகுப்பிலிருந்து வந்தது. லிப்ரேஆபிஸ் இன்னும் பொறுப்பானது, எழுத்துப் பெட்டியில் ஆங்கிலத்துக்கும் சிக்கலான எழுத்துக்கும் தனித்தனி வரி காட்டும். நான் பொருளைப் பார்க்கவில்லை, உருவத்தைப் பார்த்தேன். ணகரச் சுழி போலித் தடிமனில் அடைபடுகிறதா என்று பார்க்க ‘அண்ணன்’. லதாவுக்கும் விஜயாவுக்கும் உண்மையான தடிமன் உண்டு, சாய்வு எதற்கும் கிடையாது, இயந்திரம் தள்ளிச் சாய்ப்பதுதான். அப்படித் தள்ளும்போது கொம்பு அடுத்த எழுத்தில் இடிக்கிறதா என்று பார்க்க ‘கொண்டோம்’. உகரத்துக்கு ‘குறுந்தூது’. பிறகு ஸ்ரீ, க்ஷ. கல்வெட்டுக்காரனுக்கு அவை இல்லாமல் முடியாது.

ஆசிரியர் பெட்டியைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “பழைய ணை போடுமா, யானைத் தும்பிக்கை மாதிரி?” 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முன்னால் எழுதப் பழகிய கை. நாங்கள் போட்டிருந்த எழுத்துருவில் அது இல்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு.

37 இடத்துக்கும் ‘ஊகம்’ என்று ஒரு ஸ்டைல் செய்து இரண்டு தொகுதியிலும் சாய்வு ஏற்றினேன். ஒவ்வொன்றாகப் படத்தில் பார்த்து அவர் தலையாட்டினார். மூன்று இடத்தில் மட்டும் நிறுத்தி, “இது ஊகம் இல்ல, தெளிவா இருந்தது” என்று நிமிர்த்தச் சொன்னார். குழிக் கணக்கைச் சாய்வாகவே விட்டார். சாய்வை நம்பி இருக்காமல் சதுர அடைப்பும் போட்டுவிடலாம், வெறும் எழுத்தாக எங்கே ஒட்டினாலும் கூடவே போகும் என்றேன். “கல்லுல அடைப்புக்குறி இல்லையே தம்பி” என்றார். கல்லில் சாய்வும் இல்லை என்று நான் சொன்னதற்குக் கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது கோப்பில் இரண்டும் இருக்கிறது, 34 இடத்தில். அச்சுப்படி ஒன்று அவரிடமும் ஒன்று என்னிடமும்.